குழலுக்குள் என்ன அடைப்பது?

காரைக்கால் கடற்கரையில் எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேடு. அங்கே அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால் மூன்று குழல் போட வேண்டும். முதல் வேட்டு ஊருக்கு, இரண்டாவது கடலில் நிற்கிற படகுகளுக்கு, மூன்றாவது அம்மனுக்கு என்று என் மாமா கணக்குச் சொல்வார். குழல்களை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். மருந்தை எப்படிக் கையாள்வது, திரியை எப்படிச் சொருகுவது, எங்கே நின்று பற்றவைப்பது என்பதையெல்லாம் ஒரே பருவத்தில் கற்றுக்கொடுத்துவிட்டார். மருந்துக்கு மேல் அடைக்கிற பொருளைப் பற்றிய பாடம் மட்டும் அவர் இருந்தவரை முடியவில்லை. சொல்லப்போனால் அந்தப் பாடத்தின் பாதியை அவருக்கே பின்னால்தான் நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

வேட்டுக்குழலைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு சாண் உயரம், கனத்த இரும்பு, அடி மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும், அடியை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு திரித்துளை. பாதியளவு மண்ணில் புதைத்து நிற்கவைப்போம். கேரளத்தில் இதைக் கதினா என்கிறார்கள். சபரிமலையில் வெடி வழிபாட்டுக்குச் சீட்டு வாங்கியவர்கள் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். படுக்கவைத்து இரண்டு சக்கரம் பூட்டினால் இதுவே குட்டிப் பீரங்கி. எங்கள் ஊரிலிருந்து வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அங்கே பீரங்கிகளை வரிசையாகப் பார்த்த வயதிலிருந்தே எனக்கு அவையெல்லாம் படுத்துக்கிடக்கிற குழல்களாகத்தான் தெரிகின்றன. தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் கிடக்கிற சுமார் 25 அடி இரும்புப் பீரங்கிக்கும் வேலை முறை இதேதான். அளவுதான் வேறு.

கரிமருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தால் சத்தம் வராது. புஸ்ஸென்று ஒரு சுடர், வெள்ளைப் புகை, அவ்வளவுதான். அதையே குழலின் அடியில் போட்டு மேலே எதையாவது வைத்துக் கெட்டித்தால் வேட்டாகிறது. எரிகிற மருந்தின் ஆவி போக வழியில்லாமல் நெருக்குண்டு, அடைப்பைத் தள்ளிக்கொண்டு பாயும்போது, அடக்கி வைத்த தும்மல் மாதிரி வெடிக்கிறது. ஆக, அடைப்புக்கு இரண்டு வேலை. குழலுக்குள் இருக்கும்வரை அது உறுதியாக நிற்க வேண்டும். வாயைத் தாண்டியதும் தூளாகி, சூடு ஆறி, யார் மேலும் படாமல் போக வேண்டும். முதல் வேலையை எந்தக் குப்பையும் செய்யும். இரண்டாவதைச் செய்கிற பொருள் சுலபத்தில் கிடைப்பதில்லை.

எவ்வளவு மருந்து, எப்படிப்பட்ட மருந்து என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது குழலைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் உள்ளவன் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டிய விஷயம். அடைப்பைப் பற்றி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

மாமா காலத்தில் அடைப்பு என்றால் தேங்காய் நார். கடற்கரையில் அதற்குப் பஞ்சமே கிடையாது. நாட்டுத் துப்பாக்கிக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். உருட்டி உள்ளே தள்ளினால் குழலின் சுவரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். மரக்கழியால் நாலு குத்து குத்தினால் போதும், வேட்டு கணீரென்று வரும். சத்தத்தை மட்டும் கேட்டால் இன்றைக்கும் நாரை மிஞ்சின அடைப்பு இல்லை.

ஆனால் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்டிருந்த கயிற்றை நினைத்துப் பாருங்கள். அது தேங்காய் நார்க் கயிறு. காலையில் நுனியில் நெருப்பு வைத்தால் இரவு கடை சாத்தும்வரை சுடர்விடாமல், அணையாமல் கனன்றுகொண்டிருக்கும். நெருப்பைச் சேமித்து வைப்பதற்கென்றே நாம் தேர்ந்தெடுத்த நார் அது. அதையே குழலில் அடைத்து, நெருப்போடு வானத்துக்கு அனுப்பி, கீற்றுக் கூரைகள் நிறைந்த ஊரில் விழவைத்துக்கொண்டிருந்தோம். விழுந்த இடத்தில் உடனே எரியாது என்பதுதான் இதில் மோசம். பக்கத்து ஊர் ஒன்றில் வேட்டு முடிந்து, சாமி கிளம்பி, கூட்டமும் கலைந்த பிறகு பந்தலின் மேல் கீற்று புகைய ஆரம்பித்ததை நானே பார்த்திருக்கிறேன். வேட்டுப் போட்டவர்கள் அதற்குள் சாப்பிடப் போய்விட்டார்கள். மின்கம்பிதான் உரசியிருக்கும் என்று ஊரில் முடிவு கட்டினார்கள். பந்தலின் மேல் ஏறி அணைத்த பையன் கையில் கருகிய நார் உருண்டை இருந்தது. அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. லண்டனில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் 1613 ஜூன் 29-ஆம் தேதி எரிந்து சாம்பலானது. எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகம். மன்னர் மேடைக்கு வரும்போது மரியாதை வேட்டுப் போட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது பெரிய பீரங்கிகூட அல்ல, நம் வேட்டுக்குழலைப் போன்ற குட்டையான குழல்கள்தான். குண்டு போடவில்லை. வாயை அடைத்திருந்த காகிதமோ வேறு எதுவோ நெருப்போடு பறந்து கூரையில் விழுந்தது. அந்த அரங்கத்துக்கும் புல் வேய்ந்த கூரை. முதலில் வெறும் புகைதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். எல்லார் கண்ணும் மேடை மேல். ஒரு மணி நேரத்துக்குள் கட்டடம் தரைமட்டம். உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய காற்சட்டை தீப்பற்றியபோது பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தாராம். மறுவருஷம் அரங்கத்தைத் திரும்பக் கட்டியபோது கூரைக்கு ஓடு போட்டார்கள். அடைப்பை மாற்றினார்களா என்பதைத்தான் நான் கேட்டிருப்பேன்.

எங்கள் ஊரிலும் கூரை மாறியது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு காரைக்கால் கடற்கரைக் கிராமங்களில் கீற்று வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் வந்தன. இனி நார் அடைத்தால் என்ன, எரிவதற்கு எங்கே கூரை இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். கரைக்கு வந்து பாருங்கள். கூரை போன இடத்தில் நைலான் வலை மலைமாதிரிக் குவிந்துகிடக்கிறது. பொறி ஒன்று விழுந்தால் சுடர்விட்டு எரிய வேண்டியதுகூட இல்லை, உருகி ஓட்டை விழுந்தாலே போதும், ஒரு குடும்பத்தின் ஒரு பருவம் போய்விடும். பக்கத்திலேயே ஃபைபர் படகு, அதற்கு டீசல் கேன், மண்ணெண்ணெய் கேன். என்னைக் கேட்டால் கீற்று காலத்தைவிட இப்போதுதான் பயம் அதிகம்.

நாரை விட்ட பிறகு எதற்கெல்லாமோ போனேன். உமி கூடவே கூடாது. களத்து மேட்டில் உமிக் குவியல் நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனல்வதை டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வைக்கோலும் மரத்தூளும் அதே சாதி. பழந்துணி அடைத்தால் துண்டாகவே வெளியே போய்ப் புகைந்துகொண்டே விழும். நனைத்து அடைத்தால் கல் எறிந்த மாதிரிப் போகும், அதன் ஈரம் மருந்தில் இறங்கி வேட்டையும் கெடுக்கும். காகிதம் லேசானது. அதனாலேயே ஆபத்தானது: எரிகிற சுருள் காற்றில் ஏறி, நாம் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கும். தெர்மாகோல் கொண்டுவந்து கொடுத்த பையன்கள் உண்டு. அது உருகிக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மருந்தைக் கொட்டும்போது அந்த ஒட்டலில் கனல் மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களிடம் விரல்களைக் காட்டித்தான் விளக்கினேன்.

நிறுத்திவைக்கிற குழலுக்குக் கடைசியில் மண்தான் நின்றது. கேரளத்தில் செங்கல் பொடி போட்டு இறுக்குகிறார்கள். நான் அதை விரும்புவதில்லை, எவ்வளவு சலித்தாலும் ஒரு சில்லு தப்பிவிடுகிறது. எங்கள் கடற்கரை மணல் அதைவிட மோசம். கிளிஞ்சல் உடைசல் கலந்த மணல். பக்கத்து ஊருக்குக் கிளிஞ்சல்மேடு என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஒரு திருவிழாவில் குழலிலிருந்து பறந்த செங்கல் சில்லு தவில்காரர் கணுக்காலைக் கிழித்ததைப் பார்த்த பிறகு, வயல் வண்டலைத் தவிர வேறு மண்ணைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வண்டலைக் காயவைத்து, இடித்து, மாவு சல்லடையில் இரண்டு தடவை சலிக்க வேண்டும். பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, கையில் பிடித்தால் பிடி நிற்கிற மாதிரியும் விரலால் தட்டினால் உதிர்கிற மாதிரியும் பதம் பார்க்க வேண்டும். பதம் தவறி ஈரம் கூடினால் வெயிலில் நிற்கிற குழலுக்குள் அது இறுகிக் கல்லாகும். அல்லது சுருங்கி ஓரத்தில் வெடிப்பு விடும், ஆவி அந்த வெடிப்பு வழியாக ஓடிவிடும், வேட்டு பிசுபிசுத்துப் போகும். மருந்துக்கும் மண்ணுக்கும் நடுவில் உலர்ந்த காகித வட்டம் ஒன்று, ஈரம் இறங்காமல் இருக்க. மருந்தைத் தொட்டுக்கொண்டு அடைப்பு உட்கார வேண்டும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் குழலின் வயிறு வீங்கிவிடும். காலை வேட்டுக்கு முந்தின இரவே கெட்டித்து வைப்பதும் கிடையாது. அவசரம் என்று வருகிற நாட்டாமைகளிடம் நான் பேச்சு வாங்கியதெல்லாம் இதற்காகத்தான்.

கெட்டிக்கிற கழி மரமாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பியால் இரும்புக் குழலுக்குள் மண்ணைக் குத்துவது பொறி தேடுகிற வேலை. என்னிடம் இருப்பது பூவரசங்கழி. குத்தும்போது முகம் வாய்க்கு நேராக வரக்கூடாது, கட்டைவிரல் கழியைச் சுற்றிக் கோத்திருக்கவும் கூடாது; எதிர்பாராமல் பற்றிக்கொண்டால் கழி கையை விட்டு உருவிப் போகட்டும், விரலைக் கொண்டுபோக வேண்டாம். 2023 ஜனவரி 2-ஆம் தேதி சபரிமலை மாளிகைப்புறம் அருகே கதினாவில் மருந்து நிரப்பும்போதுதான் விபத்து நடந்தது. மூன்று தொழிலாளிகள் தீயில் வெந்தார்கள். பற்றவைக்கும்போது எல்லாருக்கும் கவனம் இருக்கும். கெட்டிக்கும்போது கை பழகிய வேகத்தில் போய்விடும்.

இவ்வளவும் வானத்தைப் பார்த்து நிற்கிற குழலுக்கு. மண் மேலே போய்த் தூசியாகத் தலையில் விழும், தட்டிவிட்டுக்கொள்ளலாம். படுக்கவைத்த பீரங்கிக்கு இந்த மண் உதவாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சொல்தா வீடு.

காரைக்காலில் சொல்தா வீடு என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீடு. 1739-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்; 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படியும் முடிந்தது. பிரஜா உரிமையைப் பிரான்சிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு ஜூலை 14 இன்னும் கொடி நாள். புதுச்சேரியில் கடற்கரைப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்கள். இந்தப் பெரியவருக்கு அவ்வளவு தூரம் போக முழங்கால் விடவில்லை. வீட்டு முற்றத்திலேயே ஒரு குட்டிப் பீரங்கி வைத்து மூன்று தடவை முழங்க வேண்டும் என்று ஆசை. கடையில் வாங்கிய பித்தளைப் பீரங்கி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதுல போடலாமா?"

"அலமாரியில வைக்கத்தான் ஐயா இது. வார்த்த பித்தளை. உள்ள எங்க காத்துக்குமிழ் இருக்குன்னு வெளிய தெரியாது. மருந்து போட்டா இதுவே குண்டு."

வார்ப்பில் குமிழ் இருப்பது அழகுப் பொருளுக்குக் குறையே இல்லை. நெருப்பைத் தாங்கும் பொருளுக்கு அது உள்ளே ஒளிந்திருக்கிற வெடிப்பு. கடைசியில் லேத் பட்டறையில் கனத்த பித்தளை உருளை ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு, அடிப்பக்கத்தை அப்படியே முழுசாக விட்டுக் கடைந்து கொடுக்கச் சொன்னேன். அடியில் தனியாக மூடி போட்டுத் திருகுவது கூடாது. திருகு கழன்றால் பின்னால் நிற்கிறவன் வயிற்றில்தான் இறங்கும். துளை கட்டைவிரல் நுழைகிற அளவு, சுவர் கனம் அதற்குக் குறையாமல். தேக்கில் ஒரு வண்டி செய்து பூட்டினார்கள். பார்க்க அச்சு அசலாக இருந்தது. மருந்து உபயோகத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் கை வைத்தேன்.

சின்னக் குழலில் பெரிய குழலின் கணக்குச் செல்லாது. துளை குறுகக் குறுக அடைப்பு சுவரோடு உரசுகிற பரப்பு அதன் கனத்தை ஒப்பிட்டால் கூடிக்கொண்டே போகும். பெரிய குழலில் நாலு விரற்கடை அடைக்கிற இறுக்கத்தை இதில் கொடுத்தால் அது தக்கையாகவே உட்கார்ந்துவிடும். அப்புறம் கரி. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் ஆவியாவதில்லை. உப்பும் சாம்பலுமாகத் தங்குகிறது. பெரிய குழலில் அது ஓரத்தில் கிடக்கும். கட்டைவிரல் துளையில் இரண்டாவது வேட்டுக்கே சுவர் தடித்து, அதே அளவு அடைப்பு இன்னும் இறுகிப்போகும். எல்லாவற்றுக்கும் மேல் இது படுத்திருக்கிறது. வாய் மனிதர்களின் முழங்கால் உயரத்தில், குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கிறது.

குண்டு இல்லையே, வெறும் சத்தம்தானே என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு நடிகனைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஜான்-எரிக் ஹெக்சம் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர். 1984 அக்டோபரில் படப்பிடிப்புத் தளத்தில், வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். தோட்டாவில் குண்டு இல்லை, காகிதத் தக்கைதான் இருந்தது. அந்த வேகமே மண்டை ஓட்டை உடைத்தது. ஆறாம் நாள் இறந்துபோனார். அமெரிக்காவில் பழைய போர்களை உடையணிந்து நடித்துக் காட்டுகிற குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் துப்பாக்கியில் மருந்தை மட்டும் கொட்டுவார்கள், காகிதத்தைக் கெட்டிக்க விதி அனுமதிப்பதில்லை. பீரங்கிக்கு அலுமினியத் தாளில் சுற்றிய மருந்துப் பொட்டலம், மேலே தக்கையே கிடையாது. பெரிய பீரங்கிக்கு அது சரிதான், குழலின் நீளமே ஓரளவு நெருக்கிக்கொடுக்கும். கையகல நீளமுள்ள பொம்மைப் பீரங்கியில் தக்கை இல்லாமல் போட்டால் புஸ்ஸென்று போய்விடுகிறது. பெரியவர் முகம் வாடியது.

அவர் பேரன்தான் வழியைக் காட்டினான், அவனுக்கே தெரியாமல். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன் அவன். பூச்சொருகுகிற பச்சை நுரைக்கட்டி அவன் வண்டி நிறையக் கிடந்தது. உலர்ந்த கட்டியை விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், தேய்த்தால் மாவாக உதிரும். கனம் என்பதே இல்லை. பீரங்கி வாயையே அதன் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் துளைக்குச் சரியான வட்டமாக வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. வெளிநாடுகளில் வெற்று வேட்டுப் போடுகிறவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீரில் ஊறின கட்டியை மட்டும் தொடக்கூடாது, அது கனத்துப்போய் ஒரே துண்டாகப் பாயும்.

நுரையை மட்டும் போட்டபோது சத்தம் கொஞ்சம் சோனியாக இருந்தது. நடுவில் கனம் கொடுக்க ஏதாவது வேண்டும். மைதா போடலாம் என்று ஒருவர் சொன்னார். நுண்ணிய மாவு நெருப்போடு காற்றில் பறந்தால் மாவே தீப்பிழம்பாகும்; மாவு மில்களில் வெடித்துச் செத்தவர்கள் உண்டு. ரவை அப்படி இல்லை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, உருண்டையாக, உடனே தரையில் விழுகிற கனத்தோடு இருக்கிறது. நெருக்கினால் நகராது, வாயைத் தாண்டினால் விசிறியடித்துக் கொட்டிவிடும். ஒரு மெல்லிய காகித வட்டம், அதன் மேல் ஒரு விரற்கடை ரவை, அதன் மேல் நுரை வட்டம், மரக்குச்சியால் ஒரே சீராக ஓர் அழுத்து. சுள்ளென்று வந்தது சத்தம். கோதுமை ரவைதான், வறுத்து ஆறவைத்து எடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கடற்கரைக் காற்றில் ரவை நமுத்துக் கட்டிபிடிக்கும், கட்டி பிடித்த ரவை கல்லுக்குச் சமம். உப்புமாவுக்கு வைத்த டப்பாவில் கைவைப்பதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது தனிக் கதை.

எந்த அடைப்பையும் சொல்லி நம்பவைக்க முடியாது, போட்டுப் பார்க்க வேண்டும். வாய்க்கு எதிரே பத்துத் தப்படியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுவேன். வேட்டு முடிந்ததும் வேட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறதா, கரி மட்டும் படிந்திருக்கிறதா, சூடுபட்ட பழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். வேட்டி சுத்தமாக இருக்கும்வரை தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், அதற்கும் அப்பால்தான் கயிறு கட்டுவேன். பொறி போகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இருட்டு. பகலில் கண்ணுக்குத் தெரியாத கனல்கள் அந்தி சாய்ந்த பிறகு சிவப்புப் புள்ளிகளாக எழுதிக்காட்டிவிடும். நாரை ஒருமுறை இருட்டில் போட்டுக் காட்டினேன், மாமாவுக்காக. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இத்தன நாளும் இப்படியாடா போச்சு?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து வண்டல் சலிக்க அவரே உட்கார்ந்தார்.

காற்றையும் சேர்த்துத்தான் அடைப்பு. ஆனி மாதத்தில் கச்சான் அடிக்கும், நிலத்திலிருந்து கடலுக்கு. வாயைக் கிழக்கே பார்த்து வைத்தால் தூசியும் புகையும் கடலோடு போய்விடும். கொண்டல் திரும்பிவிட்டால் எல்லாம் ஊருக்குள்தான் வரும், அன்றைக்கு நான் போடுவதில்லை. கூட்டம் எப்படி நிற்கிறது என்பதும் அப்படியே. மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று மீனவர்கள் திரண்டு நிற்கிற கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அப்படியொரு கூட்டத்தின் நடுவில் குழல் போடச் சொல்லி யார் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே போடுவதற்கு ஏற்ற அடைப்பு எதுவும் உலகத்தில் இல்லை.

சட்டத்தைப் பற்றி நீட்டப்போவதில்லை. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் எனக்குப் பாதி மனப்பாடம். எங்களுக்கு இருக்கிற கூடுதல் தலைவலி எல்லை. நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. 2020 டிசம்பருக்கு முன்னால் நாகப்பட்டினம் கலெக்டர், இப்போது மயிலாடுதுறை கலெக்டர். நடந்து போகிற தூரத்தில் உள்ள கோயிலுக்கு வேறொரு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வெடிக்கக் கூடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வைகறைப் புறப்பாடு வைத்திருக்கிற கோயில்காரர்கள் இன்னும் அதற்காக என்னிடம்தான் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஈரத்துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைக்க வேண்டும், பிறகு உலர்ந்த துணி. நான் சொன்ன அமெரிக்கக் குழுக்கள் பத்து நிமிஷம் இடைவெளி விடுகிறார்கள். நானும் அதையே வைத்துக்கொண்டேன். திரி எரிந்தும் வேட்டு வரவில்லையென்றால் யாரும் கிட்டே போகக் கூடாது. அரை மணி நேரம் கழித்து, பக்கவாட்டில் நின்று, திரித்துளை வழியாகத் தண்ணீர் விட்டு, மருந்து நன்றாக ஊறிய பிறகுதான் அடைப்பைச் சுரண்டி எடுப்பது. எல்லாம் முடிந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் பூச வேண்டும். மருந்துச் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடல் காற்றில் ஒரு ராத்திரி போதும், இரும்புக் குழலின் உள்சுவர் துருவேறிச் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில்தான் அடுத்த முறை கனல் ஒளிந்துகொள்ளும்.

அந்த ஜூலை 14 அன்று முற்றத்தில் மூன்று வேட்டும் ஒழுங்காகப் போயின. பெரியவர் நெஞ்சில் பதக்கம் குத்தி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். தரையெல்லாம் ரவை, கோழிகள் வந்து பொறுக்கின. பேரன் அடுத்த வருஷத்துக்கு இப்போதே யோசனையோடு வந்தான். நுரைக்குப் பதில் ஜிகினாத் தூள் போட்டால் நீலம் வெள்ளை சிவப்பு என்று கொடி நிறத்தில் பறக்குமே, வீடியோவுக்கு நன்றாக இருக்குமே என்றான். ஜிகினா என்பது மினுக்குப் பூசிய பிளாஸ்டிக், சூடானால் பிசினாக உருகித் தோலில் ஒட்டும், கண்ணில் போனால் எடுக்க முடியாது என்றேன். கல்யாணத்துக்கு நீ கொண்டுபோகிற காற்றடைத்த குழாய் இருக்கிறதே, அதில் நெருப்பே இல்லை, உன் ஜிகினாவை அதில் போட்டுக்கொள், பீரங்கிப் பக்கம் கொண்டுவராதே என்று சொல்லி அனுப்பினேன்.

பெரியவருக்கு வேறு குறை. சத்தம் போதவில்லையாம்.

"இன்னும் கொஞ்சம் மருந்து போடேன் தம்பி. பட்டாளத்துல கேட்ட சத்தம் வேற."

பட்டாசுக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று 1999-லேயே வரம்பு போட்டுவிட்டார்கள், இதுவே கிட்டத்தட்ட அங்கே நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சமாதானமாகவில்லை. கடைசியில் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பீரங்கியை மதில் மூலைக்கு முன்னால், பின்னுக்கு உதைக்க இடம் விட்டு, வாயைத் திறந்த வெளியைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொடுத்தேன். இரண்டு சுவரிலும் பட்டுத் திரும்பினால் அதே மருந்துக்குக் கூடுதலாகக் கேட்கும். மருந்து ஒரு சிட்டிகை கூடவில்லை.